பின்சீட்டுக் கதை

அண்ணி நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் என் பெரியம்மா, "பொண்ணுக்குப் பேச்சு வருமான்னு நல்லா விசாரிச்சீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அண்ணி அதற்கும் பதில் சொல்லவில்லை. லேசாகச் சிரித்துவிட்டு, காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். நானும் அவளை அப்படியே எடைபோட்டு வைத்திருந்தேன். நல்ல மனுஷி, உழைப்பாளி, கொஞ்சம் உப்புச்சப்பில்லாதவள். ஆட்களைப் பற்றி நான் போடும் கணக்கு தப்புவது புதிதில்லை. ஆனாலும் இந்த அளவுக்கு எப்போதும் தப்பியதில்லை.

அண்ணன் விழுந்து காலை உடைத்துக்கொண்ட பிறகுதான் இதெல்லாம் தெரிய வந்தது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேர் மாடி ஏறி இறங்குவது தன் தயவில்தான் என்று மிதப்பாகச் சொல்லிக்கொள்வான். அப்படிப்பட்டவன் ஒரு பழைய கட்டடத்தின் மோட்டார் அறையிலிருந்து இரும்பு ஏணி வழியாக இறங்கியபோது, இருக்கிறது என்று நினைத்துக் கால் வைத்த படி அங்கே இல்லை. எந்தக் காலத்திலோ துருப்பிடித்து விழுந்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பு போயிற்று. உள்ளே கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். டாக்டர் சொல்லும்வரை அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது.

அண்ணியின் லீவெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே கரைந்துவிட்டது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். கோடை லீவு அப்போதுதான் விட்டிருந்தது. என் வீட்டுக்காரரிடம் அடுப்படியை ஒப்படைத்துவிட்டுப் பெட்டியோடு வந்து சேர்ந்தேன்.

"பகல்ல இவரப் பாத்துக்கம்மா, போதும். மத்தத நான் பாத்துக்கறேன்," என்றாள் அண்ணி. அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான்.

இரண்டாவது மாடி வீடு. லிஃப்ட் கிடையாது; லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு லிஃப்ட் இல்லை என்று அண்ணனே சொல்லிச் சிரிப்பான். படுக்கையறை இருட்டாக இருந்ததால் கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். அதன் பிறகு வாசற்கதவை முழுதாகத் திறக்க முடியவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் உடம்பை ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். குளியலறைக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கீழே மாடிப்படிக்கு அடியில் அவர்களுடைய ஸ்கூட்டர், பழைய போர்வை ஒன்றைப் போர்த்திக்கொண்டு நின்றது.

அண்ணிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடையின் முன்பக்கத்தில் நிலைக்கண்ணாடி, ஏசி, சிரித்த முகம் எல்லாம் உண்டு. அண்ணி பின்னறையில். அங்கே ஜன்னல் கிடையாது. தண்ணீர் சொட்டிக்கொண்டே சுற்றும் சாணைச் சக்கரத்தில் லென்ஸை வைத்து, ஃப்ரேமுக்குத் தக்கபடி ஓரம் தேய்த்து உட்கார வைக்க வேண்டும். ஒரு மயிரிழை கூடினால் லென்ஸ் உள்ளே போகாது, குறைந்தால் நிற்காது. நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் குனிந்து உட்கார்ந்துவிட்டு வருகிறவளுக்குப் பேசத் தோன்றாதுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

நான் வந்த சில நாட்களிலேயே அண்ணி சரியாக இல்லை என்பது தெரிந்தது. அழவில்லை, சிடுசிடுக்கவில்லை. வேலையெல்லாம் நடந்தது. ஆனால் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னாலேயே நிற்பாள். நான் போய் மூடினால், "ஆமா, மூடணும்ல," என்பாள். காலையில் அண்ணனோடு ஸ்கூட்டரில் கிளம்பும் பழைய நேரத்துக்கே தயாராகிவிட்டு, பஸ் வர இன்னும் நேரம் இருந்ததால் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். தூரத்து ஊருக்குப் போகிறவள் ஸ்டேஷனில் காத்திருப்பது மாதிரி இருக்கும். சாயந்திரம் திரும்பி வந்தாலும் அதே நாற்காலி, அதே பை.

புருஷன் படுத்துவிட்ட கவலை என்று நினைத்தேன். அண்ணனிடமே சொன்னேன்.

"பாவம்ணா. உன் கால நெனச்சே அண்ணி உருகிப் போறாங்க."

"எங்காலுக்கு இல்ல," என்றான் அண்ணன். படுத்தபடியே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கதை நின்னு போச்சுல்ல. அதான்."

"என்ன கதை? டிவியிலயா?"

"அவ சொல்ற கதை. தினம் காலைல வண்டில போறப்ப சொல்லுவா. இந்த வண்டி வாங்கின நாள்லேர்ந்து."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "யாரு? நம்ம அண்ணியா?"

அவன் சிரிக்கவில்லை. அப்புறம்தான் விவரமாகச் சொன்னான். தெருமுனையில் வண்டி திரும்பியதும் பின்சீட்டிலிருந்து அண்ணி ஆரம்பிப்பாள். நேற்று விட்ட இடத்திலிருந்து தொடங்கி, கடை வாசலில் இறங்கும்வரை சொல்வாள். இத்தனை வருஷமும் ஒரே கதை, முடியவே இல்லை. சாயந்திரம் வரும்போது கதை கிடையாது. இரண்டு பேருக்கும் அலுப்பு. ஹெல்மெட்டோடு அவன் முதுகில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். மறுநாளுக்கு வேண்டியதைக் கடையில் லென்ஸ் தேய்க்கும்போதே தேய்த்து வைத்துக்கொள்வாளாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கதைக்கும் லீவு.

கதை ஒரு படகுத்துறையில் நடக்கிறது. துறைக்கு மேலே ஒரு தங்கும் விடுதி. அதை நடத்துகிறவளுக்குப் பெயர் கிடையாது, வெறும் விடுதிக்காரிதான். ஆற்றை அளக்க வந்த ஒரு சர்வேயர் இருக்கிறார். கூசாமல் பொய் சொல்லும் சமையல்காரர் ஒருவர் இருக்கிறார். வருகிறவர்கள், போகிறவர்கள் வேறு.

அன்று சாயந்திரம் பாத்திரம் கழுவும்போது அண்ணியிடம் மெதுவாக எடுத்தேன். கையிலிருந்த தட்டை அப்படியே தொட்டிக்குள் விட்டுவிட்டாள்.

"சொல்லிட்டாரா?"

"அதுல என்ன அண்ணி? நல்ல விஷயந்தான?"

"நல்ல விஷயமா, கெட்ட விஷயமா, தெரியல. யாருக்கும் தெரியாம இருந்துச்சு. அவ்வளவுதான்." குழாயை மூடினாள். அப்புறம் அவளாகவே பேசினாள். "பஸ்ல போறப்ப மனசுக்குள்ளயே சொல்லிப் பாத்தேன். வாய் தானா அசைஞ்சிருக்கு போல. பக்கத்துல இருந்த அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு, 'அழாதம்மா, காலம் எல்லாத்தையும் ஆத்தும்'ங்கிறாங்க. எனக்கு நெஜமாவே அழுகை வந்துருச்சு. ரெண்டு ஸ்டாப் முன்னாடியே எறங்கிட்டேன்."

"அப்ப அண்ணன்கிட்டயே சொல்லுங்க. சும்மாதான படுத்திருக்கான்? அவனுக்கும் பொழுது போகும்."

"முகத்தப் பாத்தா வரமாட்டேங்குது," என்றாள். "வண்டில அவரு முதுகுதான் தெரியும். முதுகு நம்மள எதுவும் கேக்காது. முகம் கேக்கும். டீ போட்டாச்சான்னு கேக்கும். இவளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சோன்னுகூடக் கேக்கும்."

அவள் சொன்னது உண்மைதான். மறுநாளே நான் அதைக் கண்ணால் பார்த்தேன். வேலை முடிந்து வந்தவள் நாற்காலிக்குப் போகாமல் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்புறம்..." என்று தொடங்கினாள். அண்ணன் பரபரவென்று டிவியை அணைத்தான். தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான். அண்ணி அந்த முகத்தைப் பார்த்தாள்.

"அப்புறம், மத்தியான மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்," என்றான் அவன். திரும்பவும் டிவியைப் போட்டான்.

எனக்கு அவள்மீது எரிச்சல்தான் வந்தது. ஒரு கதை. சொன்னால் சொல்லு, இல்லாவிட்டால் விடு. அதற்குப் போய் வீட்டையே இழவு வீடாக்க வேண்டுமா? எனக்கு எதையும் உடைத்துப் பேசித்தான் பழக்கம். அதை அண்ணியிடமே கேட்டும் விட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நீ சொல்றது சரிதான்," என்றாள். "ஆனா அவரு விழுந்த அன்னிக்குக் காலைல கதைய எங்க விட்டேன் தெரியுமா? படகு வந்து துறையில நிக்குது. ஏறி எறங்கப் பலகை போட்டிருக்கு. விடுதிக்காரி அந்தப் பலகைல ஒரு கால வச்சுட்டா. அதுக்குள்ள கடை வந்துருச்சு. நாளைக்குச் சொல்றேன்னு எறங்கிட்டேன். அன்னிலேர்ந்து அவ அப்படியே நிக்கிறா. ஒரு கால் கரைல, ஒரு கால் பலகைல. அவளுக்கு வலிக்குதோ இல்லையோ, எனக்கு இடுப்பு விட்டுப் போச்சு."

அதைச் சிரிப்புக்காகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை.

"அவள ஏத்தி விடணும், இல்லன்னா எறக்கி விடணும். ரெண்டுக்கும் எனக்குத் தெம்பில்ல. காலைல எழுந்திரிச்சா எதுக்கு எழுந்திரிச்சோம்னு தெரியலம்மா. சமையல் இருக்கு, வேலை இருக்கு, இவரு இருக்காரு. எல்லாம் இருக்கு. ஆனா எதுக்குன்னு மட்டும் தெரியல. கயித்த அவுத்து விட்டுட்டாங்க, ஆனா எங்க போறதுன்னு யாரும் சொல்லலங்கற மாதிரி இருக்கு."



அந்த வாரம் கடையில் ஒரு தப்பு நடந்தது. யாரோ ஒரு பெரியவரின் கண்ணாடியில் வலது கண் லென்ஸை இடதிலும் இடதை வலதிலும் மாட்டிக் கொடுத்துவிட்டாள். அவர் அதைப் போட்டுக்கொண்டு கடைப் படியிலேயே தடுமாற, காவலாளி பிடித்துக்கொண்டாராம். அவள் கையில் இப்படி ஒரு தப்பு இதுவரை நடந்ததே இல்லை. முதலாளி நல்ல மனிதர். "வீட்டுக்காரர் நெனப்பா இருக்கும். பாத்து செய்யும்மா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அண்ணி இதை என்னிடம் சொன்னபோது உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "கை இருக்கு, கண்ணு இருக்கு. நாந்தான் அங்க இல்ல," என்றாள்.

இதற்கிடையில் பகலில் எனக்கும் அண்ணனுக்கும் பொழுது போக வேண்டுமே. கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லி நான் அவனை நச்சரிக்க ஆரம்பித்தேன். முதலில் பிகு செய்தான். அப்புறம் பிடித்துக்கொண்டான். சாப்பாடு முடிந்ததும், உடைந்த காலை இரண்டு தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு சொல்வான். அவன் இப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை. விடுதிக்காரி எப்படி நடப்பாள், சமையல்காரர் எதற்கெல்லாம் பொய் சொல்வார், மழையில் துறை எப்படி நாறும், எல்லாம் சொன்னான். துணி காய்ந்துகிடக்கும், அடுப்பில் பால் பொங்கி வழியும். எனக்கு அதெல்லாம் பொருட்டாகவே இல்லை.

கதையில் நான் சொக்கிப் போனது சர்வேயரால்தான். ஒரு ராத்திரி தங்க வந்தவர், ஒரு மழைக்காலம் முழுக்க இருந்துவிட்டார். அதிகம் பேசாத மனிதர். ஒருநாள் அக்கரைக்கு அளக்கப் போனவர் திரும்பவில்லை. அவருடைய சட்டை மட்டும் விடுதிக் கொடியில் தொங்குகிறது. விடுதிக்காரி அதை எடுக்காமலே வைத்திருக்கிறாள். இதைக் கேட்டுவிட்டு நான் மூக்கை உறிஞ்சினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு கதையை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டுதான் இந்த அண்ணி இத்தனை வருஷம் டம்ளர் பொறுக்கினாளா என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம், கதை கடைசியாக நின்ற இடத்துக்கே வந்துவிட்டோம். வெக்கையாக இருந்ததால் வாசற்கதவைத் திறந்து வைத்திருந்தேன்.

"சர்வேயர் போனதுலேர்ந்து, படகு வர்ற நேரத்துக்கெல்லாம் அவ துறைக்கு வந்துருவா," என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான். "அன்னிக்குத் தூரத்துல படகுல ஒரு குடை தெரியுது. அவருதான்! அதே குடை. படகு ஒதுங்குது. எறங்கறவருக்குக் கை குடுக்கணும்ல? அதுக்குத்தான் பலகைல ஒரு கால வைக்கிறா..."

"யாரு போனது?"

திரும்பிப் பார்த்தோம். அண்ணி வாசலில் பாதி உள்ளே, பாதி வெளியே நின்றாள். அந்த நேரத்தில் அவள் வருகிற வழக்கமே இல்லை. ஒரு லென்ஸை அளவுக்கு மேல் தேய்த்து வீணாக்கிவிட்டாள் என்றும், இன்றைக்குப் போய் ஓய்வெடு என்று முதலாளி அனுப்பிவிட்டார் என்றும் பிறகுதான் தெரிந்தது.

"சர்வேயர் எங்கயும் போகல," என்றாள். குரல் உயரவே இல்லை. "அவரு மாடி ரூம்லதான் இருக்காரு. ஒரு ராத்திரி தங்க வந்தவரு, போகவே இல்ல. அவருக்குச் சோறு போட்டு, தட்டு கழுவி, சட்டை தொவைச்சுக் கொடில போடறா. அவரு கெட்டவரும் இல்ல. அதான் தொல்லையே. கெட்டவரா இருந்தா என்னிக்கோ கெளம்பியிருப்பா. தினம் படகு வர்றப்ப வேலைய விட்டுட்டு வந்து பாக்கறா. யாரும் வருவாங்கன்னு இல்ல. அவ போறதுக்கு. அன்னிக்கு அவ ஏறப் போறதுக்குத்தான் கால் வச்சா."

அண்ணன் முகத்துக்கு நேராக அவள் இவ்வளவு சேர்ந்தாற்போலப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். பெரியம்மா இருந்திருக்க வேண்டும்.

"நீ சொன்னதுல பாதி எனக்குக் கேக்காதும்மா," என்றான் அண்ணன். "ஹெல்மெட்டு, காத்து, பக்கத்துல லாரி. சிக்னல்ல நிக்கறப்ப மட்டும் நல்லாக் கேக்கும். அங்க கேட்டத வச்சுக்கிட்டு மீதிய நானே கட்டிக்குவேன்."

"இத்தன வருஷமாவா?"

"ஆமா."

"ம், ம்னு சொன்னீங்களே?"

"ம் சொல்லலன்னா நிறுத்திருவியே."

அண்ணி அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பையைத் தரையில் வைத்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

எனக்கு அண்ணனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அதே சமயம் இன்னொன்றும் தோன்றியது, அதையும் மறைப்பானேன். அவன் சொன்ன கதைதான் எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் குடை எனக்கு வேண்டியிருந்தது.

அன்று அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் அண்ணி கிளம்பிய பிறகு, அண்ணன் டிவியைப் போடாமல் சும்மா கிடந்தான்.

"ஏய், அந்த சர்வேயர் நானா?" என்று கேட்டான்.

"கதைதான அண்ணா," என்றேன். எனக்கே என் குரல் நம்பும்படியாக இல்லை.

"ரூம்ல கெடந்துக்கிட்டு சோறு தின்னு தட்ட நீட்டறவன் வேற யாரு?" கட்டிலுக்கு அடியில் அவன் சாப்பிட்டு வைத்த தட்டு கிடந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். "கால் ஒடைஞ்சதுக்கு அப்பறம் சொல்லியிருந்தாக்கூடப் பரவால்ல. நல்லா நடந்துக்கிட்டிருந்தப்பவே சொல்லியிருக்கா பாரு," என்றான்.

சாயந்திரம் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு தட்டைக் கழுவப் போனான். தொட்டியருகே வழுக்கி, அலமாரியைப் பிடித்துத் தொங்கினான். அண்ணி ஓடி வந்து தாங்கிக் கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டாள். "இன்னொரு காலையும் ஒடைச்சுக்கங்க, எனக்கு வேலை பத்தல," என்றாள். அந்த இரண்டு நாளில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சண்டை போடவும் தெம்பு வேண்டுமே. முன்பைவிட மெதுவாக நடந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பையை மடியில் வைக்காமல் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கோவமா அண்ணி?"

"கோவமெல்லாம் இல்லம்மா. அத்தனையும் காத்துல போயிருக்கு. அப்ப நான் யாருக்குச் சொல்லிக்கிட்டிருந்தேன்? அதான் புரியல." பெருமூச்சு விட்டாள். "அவரு கதைல அவ காத்துக்கிட்டு நிக்கிறா, பாத்தியா? அவருக்கு அப்படித் தோணியிருக்கு. கொடையோட வேற வர்றாராம்."

அதைச் சொல்லும்போது உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது.

லீவு முடிந்தது. அதற்குள் அண்ணன் கைத்தடி வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தான். அவர்கள் பேசிக்கொண்டார்கள், மாத்திரை, கேஸ் சிலிண்டர், தண்ணீர் மோட்டார் என்று. கதைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது மாடிப்படியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வந்த அண்ணியிடம், "அவள எறக்கி விட்டுட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. நிக்கிறா," என்றாள்.

அதற்கப்புறம் நானும் என் பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டேன். புதுசாகச் சேரும் பிள்ளைகளின் தொல்லை, என் வீட்டுக்காரர் அடுப்படியில் செய்து வைத்திருந்த அட்டகாசம், இதிலேயே நாள் போயிற்று. போனில் அண்ணனிடம் கேட்டால் கால் பரவாயில்லை என்பான். அண்ணியைக் கேட்டால் வேலைக்குப் போய்ட்டு வந்துட்டிருக்கா என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே கூப்பிட்டான். மறுபடி வண்டி ஓட்ட ஆரம்பித்துவிட்டானாம். அந்த வாரம் முழுக்க அண்ணியைக் கடையில் கொண்டுபோய் விட்டிருக்கிறான்.

"மொத நாளு பின்னாடி வந்து உக்காந்தா. தெருமுனை தாண்டினோம், பேச்சே இல்ல. நானும் ஒண்ணும் கேக்கல. கேக்க எனக்கு என்ன மூஞ்சி இருக்கு? அந்தப் பெரிய சிக்னல் இருக்குல்ல, அங்க நின்னு எஞ்சின ஆஃப் பண்ணேன். காதுகிட்ட வந்து, 'பலகை ஈரமா இருந்துச்சு'ங்கிறா. அப்பறம் என்னன்னு கேக்கறதுக்குள்ள பச்சை விழுந்துருச்சு. அவ்வளவுதான். வாய மூடிட்டா. அடுத்த சிக்னல் வரைக்கும் ஒரு வார்த்தை இல்ல."

"ஓடறப்ப சொல்றதே இல்லையா?"

"இல்ல. நின்னாத்தான். பாதிப் பேச்சுல இருந்தாலும் சரி, பச்சை விழுந்தா அப்படியே நிறுத்திடறா. நான் இப்ப மார்க்கெட் பக்கமா சுத்திப் போறேன். அந்த வழில சிக்னல் ஜாஸ்தி. தினம் வேலைக்கு லேட்டு. நேத்து பச்சை விழுந்தும் நான் நகரல. பின்னாடி இருக்கறவன்லாம் ஹாரன் அடிச்சு, என் பரம்பரையவே இழுத்துத் திட்டிட்டான்."

நான் சிரித்தேன். அவனும் கொஞ்சம் சிரித்தான்.

"அண்ணா? விடுதிக்காரி என்ன ஆனா?"

"ஏறிட்டா," என்றான். "நேத்துதான். பலகைய இழுத்துட்டாங்க. படகு நகந்துருச்சு. திரும்பி வருவாளான்னு கேட்டேன். அதுக்குள்ள கடை வந்துருச்சு, எறங்கிப் போயிட்டா. இன்னிக்கு லீவு நாளு. வீட்ல கேட்டா சொல்லமாட்டேங்கிறா." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நீ கேட்டா சொல்லுவா. கேட்டுச் சொல்லேன்."

என் அண்ணன் உயரத்துக்குப் பயப்படாதவன். மாடி மாடியாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவன். அவன் பயந்து பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்குப் பாவமாகவும் இருந்தது. வேண்டும் இவனுக்கு என்றும் இருந்தது.

"போனை அண்ணிகிட்ட குடு," என்றேன்.

அண்ணி வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைக்கும் சத்தம்கூடக் கேட்டது. நலம் விசாரிப்பெல்லாம் எதற்கு என்று நேராகவே கேட்டேன்.

"அண்ணி, அவ திரும்பி வருவாளா?"



"தெரியலம்மா," என்றாள். களைத்த குரல்தான், எப்போதும் போல. ஆனால் நான் அங்கே இருந்த நாட்களில் கேட்ட குரல் இல்லை. "ஏறி உக்காந்ததும் தூங்கிட்டா. எத்தனை வருஷத்துத் தூக்கமோ. அக்கரை வந்துருச்சு, எல்லாரும் எறங்கியாச்சு, அவ மட்டும் தூங்கறா. படகுக்காரர் எழுப்ப வந்தாரு. நாந்தான் வேணாம்னுட்டேன். எந்திரிச்சு அவளே பாத்துக்கட்டும், எந்தக் கரைன்னு."

பின்னால் அண்ணன், "என்ன சொல்ற? வருவாளாமா?" என்று கேட்பது என் காதில் விழுந்தது. அண்ணி அவனுக்குப் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை வண்டி எடுக்கும்வரை அவன் பொறுத்துத்தான் ஆக வேண்டும்.